பேட்டரி தீரும் முன்னே!

அந்தக் கார்ட்ரிட்ஜின் பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூதான். ஆனால் வீட்டிலிருக்கும் எந்த ஸ்க்ரூடிரைவருக்கும் அது மசியாது. தலையைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் 3.8 மில்லிமீட்டர் தனிக் கருவி வேண்டும். கழற்றி, மூடியை மெல்ல நகர்த்தினால் உள்ளே சின்ன சர்க்யூட் போர்டு, சில கறுப்புச் சிப்கள், ஓரத்தில் வெள்ளிக்காசு போல ஒரு பேட்டரி. சிஆர்2025 ரகம். 20 மில்லிமீட்டர் அகலம், 2.5 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பெயரிலேயே அளவும் இருக்கிறது.

1999 நவம்பரில் ஜப்பானில் வெளியான 'போக்கிமான் கோல்டு' விளையாட்டின் உட்புறம் இதுதான். விளையாட்டின் நிரல் பக்கத்துச் சிப்பில் மின்சாரமே இல்லாமல் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பேட்டரியின் தயவில் இருப்பது வேறு. ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒரு சிறுவன் பிடித்த போக்கிமான்கள், அவற்றுக்கு அவன் வைத்த செல்லப் பெயர்கள், வென்ற பதக்கங்கள், கடைசியாக அவன் நின்ற ஊர். எல்லாம் சேர்த்து 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'காலை வணக்கம்' படத்தைவிடச் சிறியது.

இந்த விளையாட்டுக்குள் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. வெளியே இரவானால் உள்ளேயும் இரவாகும். கார்ட்ரிட்ஜ் அலமாரியில் சும்மா கிடக்கும்போதும் அந்தக் கடிகாரம் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கிறது. இப்படிப்பட்ட பேட்டரிகளுக்கு 15, 20 வருட ஆயுள் என்பதே பெரிய விஷயம். அந்தக் கணக்கும் எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் உயிரோடு இருப்பவை கடனுக்குத்தான் ஓடுகின்றன.

இந்த விளையாட்டு ஓடிய, நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கருவிகளான கேம் பாய், கேம் பாய் கலர் இரண்டும் சேர்ந்து உலகம் முழுக்க விற்றது 11.86 கோடிக்கு மேல். அடுத்து வந்த கேம் பாய் அட்வான்ஸ் 8.15 கோடி. 2004-ல் வந்த நின்டெண்டோ டிஎஸ் 15.4 கோடி. அவற்றில் விளையாடிய குழந்தைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். பெட்டியைத் தூசி தட்டி எடுத்தவர்களில் பலர் முதலில் தேடுவது, கையில் இருக்கும் விளையாட்டை நகலெடுத்து வைக்க ஒரு கருவி. இணையச் சந்தையில் அதற்குப் பஞ்சமே இல்லை. எதை வாங்குவது, வாங்கியதை எப்படிச் சோதிப்பது என்பதில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

ரீடரா, ஃப்ளாஷ் கார்டா?

'பேக்அப் கருவி' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. முதல் குழப்பமே இங்கேதான்.

ஒன்று, ரீடர். கார்ட்ரிட்ஜை இதில் செருகி யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்தால், உள்ளே இருக்கும் விளையாட்டையும், ஆடியவரின் முன்னேற்றம் பதிந்திருக்கும் சேவ் ஃபைலையும் படித்துக் கொடுக்கும். சேவ் ஃபைலைத் திருப்பி எழுதவும் செய்யும். ஆஸ்திரேலியாவில் உருவான 'ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ', 'ஜோயி ஜூனியர்' இரண்டும் இந்த வகை. சாலிடரிங் தெரிந்தவர்கள் ஆர்டுயினோ என்ற சர்க்யூட் போர்டை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் ரீடரும் உண்டு. அதன் வரைபடம் எல்லோருக்கும் இலவசம்.

இன்னொன்று, ஃப்ளாஷ் கார்ட். பார்க்கக் கார்ட்ரிட்ஜ் போலவே இருக்கும். உள்ளே மெமரி கார்டு. கம்ப்யூட்டரில் இருக்கும் விளையாட்டுகளை அதில் போட்டு, பழைய கேம் பாயிலேயே ஓட்டலாம். 'எவர்டிரைவ்', 'ஈஇசட் ஃப்ளாஷ்' ஆகியவை இந்த வகையில் நன்கு அறிமுகமான பெயர்கள். ஃப்ளாஷ் கார்ட் எதையும் நகலெடுக்காது. எடுத்த நகலை ஓட்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் ஃப்ளாஷ் கார்டை வாங்கிவிட்டு, 'என் கார்ட்ரிட்ஜை இதில் எங்கே செருகுவது?' என்று திகைத்து நிற்பவர்கள் உண்டு.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரீடரை வாங்குவதே நியாயம். பேட்டரி மாற்றும் முன் சேவ் ஃபைலை வெளியே எடுக்க அதனால்தான் முடியும். பேட்டரியின் பட்டைகள் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். பழையதைக் கழற்றிய நொடியே 32 கிலோபைட்டும் போய்விடும். 'முதலில் பேட்டரியை மாற்றுவோம், பிறகு பேக்அப் எடுப்போம்' என்று வரிசையை மாற்றிக்கொண்டவர்கள் இழந்ததைத் திரும்பப் பெற வழியே இல்லை.

ஃப்ளாஷ் கார்ட் போல எழுதி அழிக்கும் கார்ட்ரிட்ஜ் என்றாலே திருட்டு வேலை என்றொரு எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் நின்டெண்டோ நிறுவனமே அதை விற்ற காலம் ஒன்று இருந்தது. ஜப்பானில் 'நின்டெண்டோ பவர்' என்ற திட்டத்தில், லாசன் கடைகளில் இருந்த இயந்திரங்கள் மூலம் வெற்றுக் கார்ட்ரிட்ஜில் விரும்பிய விளையாட்டைப் பணம் கட்டி எழுதி வாங்கலாம். 1997-ல் நின்டெண்டோவின் இன்னொரு கருவியான சூப்பர் ஃபேமிகாமுக்கும் 2000-ல் கேம் பாய்க்கும் தொடங்கிய அந்தச் சேவை 2007-ல் முடிவுக்கு வந்தது.

கறுத்துப்போன லோகோ

கருவி கைக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் செருகத் துடிப்பது இயல்பு. அதற்கு முன் கார்ட்ரிட்ஜைப் பழைய கேம் பாயிலேயே ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஸ்விட்சைத் தள்ளியதும் மேலிருந்து நின்டெண்டோ லோகோ இறங்கி வரும். 'டிங்' என்று ஒலிக்கும். இந்தச் சில நொடிகளுக்குள் ஒரு சோதனை நடந்து முடிகிறது. கேம் பாய்க்குள் இருக்கும் 256 பைட் தொடக்க நிரல், கார்ட்ரிட்ஜிலிருந்து 48 பைட் லோகோவைப் படித்துத் தன்னிடம் உள்ள லோகோவோடு ஒப்பிடுகிறது. ஒரு பைட் பிசகினாலும் அங்கேயே நின்றுவிடும். லோகோ சிதைந்து வந்தால், அல்லது வெறும் கறுப்புப் பட்டையாக இறங்கினால், கார்ட்ரிட்ஜின் தங்க நிறப் பட்டைகளில் அழுக்கு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

உடனே வாயால் ஊதும் பழக்கம் எல்லா நாட்டுக் குழந்தைகளுக்கும் இருந்தது. எச்சில் ஈரம் பட்டைகளை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, காயவிட்டுச் செருகுவதே முறை. பஞ்சு கறுப்பாக வரும். வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும்.

அடுத்து வோல்டேஜ். கேம் பாய் கார்ட்ரிட்ஜுக்கு 5 வோல்ட். அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கு 3.3 வோல்ட். அட்வான்ஸ் கருவிக்குள் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கிறது. பழைய கார்ட்ரிட்ஜின் உருவம் அதை அழுத்த, கருவியே வோல்டேஜை மாற்றிக்கொள்ளும். ரீடர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அது தானாக மாறுமா, நாம் ஸ்விட்ச் போட வேண்டுமா? நாம்தான் போட வேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் செருகும் முன் ஸ்விட்சைப் பார்க்கும் பழக்கம் வந்தாக வேண்டும். அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜுக்கு 5 வோல்ட் கொடுத்தால் அது கெட்டுப்போகலாம்.

படிப்பதற்கு அதிக நேரம் ஆகாது. 32 கிலோபைட் சேவ் ஃபைல் சில நொடிகளில் வந்துவிடும். வந்ததும் திருப்தியோடு எழுந்துவிடக் கூடாது. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, மறுபடி செருகி, இன்னொரு முறை படிக்க வேண்டும். இரண்டு ஃபைல்களின் செக்சம்மும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறுபட்டால் மீண்டும் பஞ்சுக் குச்சிதான். ஃபைல் முழுக்க ஒரே எண் நிரம்பியிருந்தால் கருவி எதையுமே படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டின் நிரலைச் சரிபார்ப்பது சுலபம். அதே விளையாட்டின் லட்சக்கணக்கான பிரதிகள் உலகில் உண்டு. அவற்றின் செக்சம்களை 'நோ-இன்ட்ரோ' என்ற ஆர்வலர் குழு பட்டியலிட்டு வைத்திருக்கிறது. நம் நகல் பட்டியலோடு பொருந்தினால் பிழை இல்லை. பழைய கார்ட்ரிட்ஜ் வாங்குபவர்களுக்கு இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. போக்கிமான் விளையாட்டுகளின் டூப்ளிகேட்டுகள் சந்தையில் ஏராளம். ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து ஏமாறலாம், செக்சம்மை ஏமாற்றுவது கடினம்.

சேவ் ஃபைலுக்கு அப்படி ஒப்பிட எதுவும் கிடையாது. உலகில் அது ஒன்றே ஒன்று. சரியாக வந்திருக்கிறதா என்று அறிய ஒரே வழி, அதைக் கம்ப்யூட்டரில், கேம் பாயைப் போல நடிக்கும் எமுலேட்டர் நிரலில் திறந்து பார்ப்பது. தொடக்கத்தில் பழைய பெயர் வருகிறதா? பெட்டியில் வைத்த போக்கிமான்கள் இருக்கின்றனவா? விளையாடிய மணி நேரம் சரியா? இத்தனையும் பார்த்த பிறகு பேட்டரியை மாற்றி, சேவ் ஃபைலைக் கார்ட்ரிட்ஜில் திருப்பி எழுதி, கேம் பாயில் போட்டு, அணைத்து, மறுநாள் மீண்டும் போட வேண்டும். மறுநாளும் அது இருந்தால்தான் பேக்அப் எடுத்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியும்.

முப்பது புகைப்படங்கள்

போக்கிமானாவது மறுபடி விளையாடிப் பிடிக்கலாம். 1998-ல் வந்த கேம் பாய் கேமராவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

கார்ட்ரிட்ஜின் தலையில் உருண்டைக் கண் போல ஒரு லென்ஸ். சாம்பலின் நான்கு நிழல்கள். குறுக்கே 128 புள்ளி, நெடுக்கே 112 புள்ளி. மொத்தம் 30 படங்கள். இன்றைய போன் எடுக்கும் ஒரே ஒரு படத்தின் இடத்தில் இவற்றைப் போல நூற்றுக்கணக்கில் வைக்கலாம். ஆனால் அந்த முப்பதில் ஒருவருடைய பாட்டி இருப்பார். இடித்துவிட்ட வீடு இருக்கும். பள்ளித் தோழன் நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்பான். கூடவே விற்ற பிரிண்டரில் அச்சடித்திருந்தாலும் பயனில்லை. அது சூட்டில் பதியும் தாள், பஸ் டிக்கெட் வெளுப்பது போல வெளுத்துவிடும். படங்கள் இருக்கும் நினைவகத்துக்கு உயிர் அதே மாதிரி ஒரு பேட்டரி.

ஒரு படத்துக்கு 3,584 பைட். கேமராவின் 128 கிலோபைட் நினைவகத்தை ரீடர் அப்படியே எடுத்துவிடும். பிறகு அதைச் சாதாரணப் படங்களாக மாற்றித் தரும் நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ரீடரின் விலை அதிகமா குறைவா என்று யோசிப்பவர்கள் இந்தக் கேமரா வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் யோசனைக்கே இடமில்லை.

ஐந்து வருடம் முன்னே தள்ளுங்கள்

டிஎஸ் கதை வேறு. 2007 வாக்கில் 'ஆர்4' என்ற சின்ன அட்டை சந்தைக்கு வந்தது. டிஎஸ் விளையாட்டு அட்டையின் அதே உருவம், உள்ளே மைக்ரோ எஸ்டி கார்டு செருகும் இடம். அதுவரை இருந்த ஃப்ளாஷ் கார்டுகளில் இருந்த சிரமம் எதுவும் இல்லை. பள்ளிக்கூட வாசல் வரை அது பரவியது. அதன் வெற்றியைப் பார்த்து, அதே பெயரில் எத்தனையோ பேர் போலிகளைச் செய்தார்கள். இன்று விற்பனையில் இருக்கும் 'ஆர்4' அட்டைகள் பெயரில் மட்டும்தான் பழைய ஆர்4.

இந்தப் போலிகளில் சிலவற்றை இயக்கும் மென்பொருளில் ஒரு தேதி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. டிஎஸ்ஸின் கடிகாரம் அந்தத் தேதியைத் தாண்டியதும் அட்டை வேலை செய்ய மறுக்கும். வாங்கியவர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்க வேண்டும் என்பதற்காகவே செய்த ஏற்பாடு இது. 2024-ல் இப்படி ஏகப்பட்ட அட்டைகள் ஒரே சமயத்தில் முடங்கின. கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் திரும்ப வேலை செய்தன. ஆர்வலர்கள் எழுதிய மாற்று மென்பொருளைப் போட்டும் பலர் மீட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த பொருளுக்குள்ளேயே கெடு வைப்பது அப்பட்டமான மோசடி.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. அட்டை வந்த அன்றே டிஎஸ்ஸின் தேதியை ஐந்து வருடம் முன்னே தள்ளித் திறந்து பாருங்கள். பிறகு பத்து வருடம். திறக்காவிட்டால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியும் முன் திருப்பி அனுப்பிவிடலாம்.

கூடவே வரும் மெமரி கார்டை அதைவிட அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். 32 ஜிபி என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது அதில் கால்வாசிகூட இல்லாமல் இருக்கலாம். கம்ப்யூட்டரிடம் அது பொய்க் கணக்குக் காட்டும். முதல் சில விளையாட்டுகள் நன்றாக ஓடும். உண்மையான இடம் நிரம்பியதும் புதிதாக எழுதுவது எங்கோ காணாமல் போகும். சேவ் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெடும். பழி விளையாட்டின் மேலோ அட்டையின் மேலோ விழும். விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸில் 'எஃப்3' என்ற இலவச நிரல்கள் கார்டின் கடைசி பைட் வரை எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கின்றன. மணிக்கணக்கில் ஆகும். இரவு ஓடவிட்டுத் தூங்கலாம். புது மெமரி கார்டு எதையும் இந்தச் சோதனை இல்லாமல் பயன்படுத்தக் கூடாது.

ஃப்ளாஷ் கார்டில் சேவ் ஆகும் விதத்தையும் கவனிக்க வேண்டும். சிலவற்றில் விளையாட்டு முதலில் பேட்டரி தாங்கும் நினைவகத்தில் சேவ் ஆகி, அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் மெமரி கார்டுக்கு மாறும். நடுவில் அந்தப் பேட்டரி தீர்ந்தால் போனது போனதுதான். அட்வான்ஸ் விளையாட்டுகளில் சேவ் முறையே மூன்று வகை, அளவுகளும் வேறு வேறு. ஃப்ளாஷ் கார்ட் தவறான வகையைப் பிடித்துக்கொண்டால் சேவ் ஆனது போலக் காட்டிவிட்டு ஏமாற்றும். அதனால் முதல் வாரம் தெரிந்த விளையாட்டு ஒன்றையே ஓட்டி, தினமும் சேவ் செய்து, அணைத்து, மறுநாள் பார்ப்பது உத்தமம். 'ஆயிரம் விளையாட்டு இலவசம்' என்று நிரப்பிக் கொடுக்கும் விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம். அந்த ஆயிரமும் திருட்டு நகல்கள். திருட்டுப் பொருளைக் கூசாமல் கொடுப்பவர் மெமரி கார்டில் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று நம்பக் காரணமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1983-லேயே பேக்அப் கருவி பற்றி ஒரு வழக்கு வந்துவிட்டது. அடாரி நிறுவனத்தின் விளையாட்டுக் கார்ட்ரிட்ஜுகளை நகலெடுக்கும் 'ப்ராம் பிளாஸ்டர்' என்ற கருவியை ஒரு தபால்வழி விற்பனை நிறுவனம் விற்றது. வாங்கியவர் பேக்அப் எடுத்துக்கொள்ளத்தான் என்று அது வாதாடியது. கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப் எளிதில் அழியக்கூடியது அல்ல, அதற்குப் பேக்அப் தேவையில்லை என்று இல்லினாய் நீதிமன்றம் தடை விதித்தது. நிரல் இருக்கும் சிப்பைப் பொறுத்தவரை அந்த நீதிமன்றம் சொன்னது பெரிய தவறில்லை. அவை இன்றும் பெரும்பாலும் நலமாக இருக்கின்றன. பின்னாளில் கார்ட்ரிட்ஜுக்குள் பேட்டரியும் அதை நம்பி வாழும் நினைவகமும் வந்தன. பேக்அப்பின் நியாயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆர்4 மீது வழக்குகள் அடுக்கடுக்காக வந்தன. நின்டெண்டோவும் 54 விளையாட்டு நிறுவனங்களும் தொடுத்த வழக்கில் 2009 பிப்ரவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் விற்பனையைத் தடுத்தது. 2010 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம், இந்த அட்டைகளை இறக்குமதி செய்வதும் விளம்பரப்படுத்துவதும் விற்பதும் சட்டவிரோதம் என்றது. நல்ல காரியத்துக்கும் பயன்படும் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

நல்ல காரியம் என்பது வெறும் சாக்கு இல்லை. 'லிட்டில் சவுண்ட் டிஜே' என்ற நிரல் கேம் பாயையே இசைக்கருவியாக்கியது; அதை மேடையில் வாசிக்கும் கலைஞர்களுக்கு எழுதி அழிக்கும் கார்ட்ரிட்ஜ்தான் வயலின் பெட்டி. டிஎஸ்ஸில் ஓவியம் வரைய ஓர் ஆர்வலர் எழுதிய 'கலர்ஸ்!' முதலில் ஃப்ளாஷ் கார்டுகளில்தான் ஓடியது. 2012-ல் 'கலர்ஸ்! 3டி' என்ற பெயரில் டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த 3டிஎஸ் கருவியின் இணையக் கடைக்கே அதிகாரபூர்வமாக வந்தது.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, ஒரு கம்ப்யூட்டர் நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்பு, அழிவு, சேதத்திலிருந்து தற்காலிகப் பாதுகாப்புக்காக மட்டும் பேக்அப் நகல் எடுக்க இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. கேம் பாய் கார்ட்ரிட்ஜில் நிரலை மறைக்கும் ரகசியக் குறியீடு கிடையாது. டிஎஸ் அட்டையில் உண்டு. சொந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து சொந்த சேவ் ஃபைலை எடுப்பதற்கும், அடுத்தவர் எடுத்த நகலை இணையத்திலிருந்து இறக்குவதற்கும் உள்ள தூரம் பெரியது.

இப்போது விற்பனையில் இருக்கும் கருவிகளில் இந்த விளையாட்டே வேண்டாம். 2025 ஜூனில் நின்டெண்டோவின் விளையாட்டுக் கருவியான ஸ்விட்ச் 2 வெளியான சில வாரங்களிலேயே, 'மிக்' என்ற ஃப்ளாஷ் அட்டையைப் பயன்படுத்தியவர்களின் கருவிகள் நின்டெண்டோவின் இணையச் சேவையிலிருந்து தடை செய்யப்பட்டன.

பழைய விளையாட்டுகளைக் காப்பாற்ற வேறு யாராவது இருக்கிறார்களா? அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் அப்போது கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. கேம் பாய் குடும்பத்தில் வாங்கக் கிடைத்தவை 5.87 சதவீதம்தான். அதே ஆண்டு மார்ச் 27-ல் 3டிஎஸ்ஸின் இணையக் கடையில் விற்பனை நிறுத்தப்பட்டது. விளையாட்டுகளுக்காவது இப்படிக் கணக்கெடுக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. ஒரு சிறுவனின் 32 கிலோபைட்டுக்கு அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

பரணில், டிரங்குப் பெட்டியில், வெளிநாட்டிலிருந்து மாமா வாங்கி வந்த கேம் பாயோ டிஎஸ்ஸோ உங்கள் வீட்டிலும் கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். கார்ட்ரிட்ஜைத் துடைத்துப் போடுங்கள். பழைய பெயர் திரையில் வந்தால், பேட்டரி இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம், பேட்டரியைத் தொட வேண்டாம். ரீடர் வரட்டும், இரண்டு முறை படித்து, திறந்து பார்த்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். புது பேட்டரி அதற்கப்புறம்.